பெரிய எழுத்து வேதாகமம்: எட்டு மாதம் வாசித்த பிறகு

போன வருஷம் ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் பெரிய எழுத்துப் பரிசுத்த வேதாகமம் ஒன்று வாங்கினேன். பழைய திருப்புதல், அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. மெரூன் நிற ரெக்சின் அட்டை, சுற்றிலும் ஜிப், தாள் விளிம்பில் பொன் பூச்சு, ஒரே ஒரு நாடா. விலை 1,150 ரூபாய். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 1 கிலோ 700 கிராம் இருந்தது. வாங்கலாமா என்று எங்கள் சபைச் சங்கத்தில் பல பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னால் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 62 வயது. 31 வருஷம் தமிழாசிரியையாக இருந்தேன். இதற்கு முன் என்னிடம் இருந்தது, சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனையன்று அப்பா வாங்கித் தந்த சின்ன வேதாகமம். கைக்கடக்கமானது. அதன் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். ஐம்பது வயதுக்குமேல் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். வாசிக்க முடிகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். புதிய வேதாகமத்தைத் திறந்த முதல் வாரத்திலேயே உண்மை தெரிந்தது. நான் பல வருஷமாக வாசிக்கவே இல்லை. மனப்பாடமாகத் தெரிந்த பகுதிகளின்மேல் கண்ணை ஓட்டிக்கொண்டு, வாயால் ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். 23ஆம் சங்கீதம், 91, 121, ஏசாயா 41இல் பத்தாம் வசனம், யோவான் 14. எழுத்து மங்கலாக இருந்தாலும் இவை வரும். தெரியாத அதிகாரம் வந்தால் கண் வலிக்கிறது என்று மூடிவிடுவேன்.

அந்தப் பழைய வேதாகமத்தில் நீலப் பென்சிலால் கோடிட்ட வசனங்களை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் வாக்குத்தத்தங்கள். பயப்படாதே, உன்னைக் கைவிடேன், உன்னை ஆசீர்வதிப்பேன். கடிந்துகொள்ளுகிற ஒரு வசனத்தின் கீழும் கோடு இல்லை. நாம் எல்லோரும் இப்படித்தானே வளர்ந்தோம்? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும், புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைக்கிறோம். வசன காலண்டரில் 365 தாளும் ஆறுதல்தான். "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவைக் கடிந்து சொன்னதை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. ஆறுதல் வசனங்களைக் குறைத்துப் பேசவில்லை, என் கணவர் போனபோது என்னைத் தூக்கி நிறுத்தினவை அவைதான். ஆனால் அவற்றை மட்டுமே வாசித்த ஒருத்திக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், அதையும் சொல்லித்தான் இந்த மதிப்புரையை முடிக்க வேண்டும்.

முதலில் பொருளைப் பற்றி. எழுத்து நல்ல கறுப்பு. மடியில் வைத்துக்கொண்டு, ட்யூப்லைட் வெளிச்சத்தில், கண்ணைச் சுருக்காமல் வாசிக்கலாம். அதிகாரத் தலைப்பு எண் பெரிதாக இருக்கிறது. சங்கீதங்களின் மேலே வரும் முன்குறிப்பு வரிகளையும் படிக்கும் அளவில் அச்சிட்டிருக்கிறார்கள். சின்ன வேதாகமத்தில் அந்த வரிகளை எறும்பு ஊர்கிறது என்று நினைத்துத் தாண்டிவிடுவேன்.

குறைகளும் உண்டு. தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிகிறது. பேனாவால் கோடிட்டால் ஊறி மறுபக்கம் வந்துவிடும், பென்சில்தான் சரி. இயேசு பேசும் வசனங்கள் சிவப்பு. பகலில் அழகாக இருக்கின்றன, ராத்திரியில் அந்தச் சிவப்பு என் கண்ணுக்கு வெளிறித் தெரிகிறது. பக்கத்துக்கு இரண்டு பத்தி என்பதால் பழைய திருப்புதலின் நீளமான சொற்கள் பத்தியின் ஓரத்தில் முறிந்து அடுத்த வரிக்குப் போகின்றன. "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" போன்ற ஒரு சொல் இரண்டாய் உடைந்து நிற்பதைப் பார்க்கத் தமிழ் வாத்தியாருக்கு மனசு பொறுக்காது. ஜிப் ஐந்தாம் மாதமே பல் விட்டது. தையல் கடையில் 80 ரூபாய் கொடுத்து வேறு போட்டேன். கோயிலுக்குத் தூக்கிப் போக இது ஆகாது, வீட்டு மேஜைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் பழைய சின்னதைத்தான் எடுத்துப்போகிறேன்.

எழுத்துக்கும் காகிதத்துக்கும் உள்ள இந்த இழுபறி இன்று தொடங்கியது இல்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1714, 15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்து வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் முழுவதையும் அச்சிடக் காகிதம் போதாது என்று, அங்கேயே சிறிய எழுத்து வார்த்து மீதியை முடித்தார்கள். முந்நூறு வருஷமாக நாம் பொடி எழுத்தில் வாசித்ததற்கு நம் ஏழ்மையும் ஒரு காரணம். இப்போது பெரிய எழுத்துப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்க முடிகிறதென்றால் அதற்காக நான் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.

செல்போனில் வேதாகமச் செயலி இருக்கிறதே, எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாமே என்று மகன் சொன்னான். ஆறு மாதம் அதையும் பார்த்தேன். தேடல் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் வேண்டிய வசனம் வந்துவிடுகிறது. வேண்டாத வசனம் வருவதில்லை. என் வியாதிக்கு அது மருந்தாகவில்லை.

ஜூன் 10ஆம் தேதி ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தொடங்கினேன். ஒரு நாளைக்குப் பழைய ஏற்பாட்டில் மூன்று அதிகாரம், புதிய ஏற்பாட்டில் ஒன்று. எதையும் தாண்டுவதில்லை, எதையும் தேர்ந்தெடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம். லேவியராகமத்தில் திணறினேன், எண்ணாகமத்தில் பெயர்ப்பட்டியல்களை உரக்க வாசித்துக் கடந்தேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு சாயங்காலம் என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். எங்கள் சபைதான். முறுக்கு கொண்டுவந்திருந்தாள். காபி குடித்து முடிக்கும்வரை பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசினாள். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனச்சிக்கிடாதீங்க" என்றாள்.

விஷயம் இதுதான். சபையில் ஒரு பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தெரிந்தவர்கள் மூலமாக என் நம்பரை வாங்கி, பெண் எப்படி என்று விசாரித்தார்கள். வழக்கமாக நடப்பதுதான், டீச்சரிடம் கேட்டால் உண்மை தெரியும் என்று ஊரில் ஒரு பேர். நான் சொன்னது, "தங்கமான பொண்ணு. ஆனா..." அவ்வளவுதான். ஆனா என்று இழுத்து நிறுத்திவிட்டு, "அது ஒண்ணுமில்ல, விடுங்க" என்று முடித்துவிட்டேன். என் மனசில் இருந்தது இவ்வளவுதான்: பேருந்து நிலையத்தில் அவளை ஒரு பையனோடு இரண்டு தடவை பார்த்திருந்தேன். அந்தப் பையன் அவளுடைய பெரியம்மா மகன் என்பது பின்னால்தான் தெரிந்தது. வரன் நின்றுபோனது. ஏன் நின்றது என்று பெண் வீட்டாருக்குச் சொல்லப்படவில்லை. என் பழைய மாணவியின் மாமியார் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம், அந்த வழியாக இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்க எங்களுக்கு ஒற்றுப்பிழைக்கு வட்டம் போடுவீங்கல்லா டீச்சர்," என்றாள். "அந்த ஆனாவுக்கு நான் ஒரு வட்டம் போட வந்தேன். வேற யார்ட்டயும் சொல்லல்ல. ஒங்ககிட்டதான் மொதல்ல வாரேன்."

அவள் ஒரு வசனமும் சொல்லவில்லை. குரலை உயர்த்தவில்லை. அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "எனக்கே புத்தி சொல்ல வந்திட்டியாட்டி?" என்று கேட்டுவிட்டு, தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "வாரேன் டீச்சர்" என்று சொல்லிக் கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள். முறுக்கை நான் தொடவில்லை.

அடுத்து வந்த நாள்களில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னென்ன நினைத்தேனோ அத்தனையும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லையே. கண்ணால் பார்த்ததைக்கூடச் சொல்லவில்லையே. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவா? வயசுக்கு மரியாதை இல்லையா? இவள் பிள்ளை கணக்கில் பெயிலானபோது யார் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது? ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில் பாவ அறிக்கையைச் சபையாரோடு சேர்ந்து தவறாமல் சொல்லுகிறேன், இதற்குமேல் என்ன வேண்டும்? அந்தக் கடைசி நினைப்பில்தான் என் வேஷம் எனக்கே கொஞ்சம் தெரிந்தது. முந்நூறு பேர் ஒரே குரலில் சொல்லும்போது அந்த அறிக்கை யார் தலையிலும் இறங்காமல் கூரைக்குப் போய்விடுகிறது. அதில் நான் "ஆனா" என்ற சொல்லை ஒருநாளும் நினைத்ததில்லை. கோபம் மட்டும் குறையவில்லை. அவள் கோயில் வாசலில் "தோத்திரம் டீச்சர்" என்றபோது தலையை மட்டும் அசைத்தேன்.

வாசிப்பை மட்டும் நிறுத்தவில்லை. செப்டம்பர் 10ஆம் தேதி என் கணக்குப்படி வந்த பகுதி 2 சாமுவேல் 10, 11, 12. தாவீது உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவைத்த கதை. இந்தக் கதை யாருக்குத்தான் தெரியாது? ஞாயிறுபள்ளியில் நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் பெரிய எழுத்தில், வரிவரியாக, தாண்டாமல் வாசித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஒரே ஒரு பெண்ணாட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையிடமிருந்து ஒரு ஐசுவரியவான் அதைப் பிடுங்கிக்கொண்ட கதையை நாத்தான் சொன்னதும் தாவீதுக்குக் கோபம் மூண்டு, அப்படிச் செய்தவன் சாகவேண்டும் என்கிறார். அந்த நேரத்தில் அவர் நியாயாதிபதியாக உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் குற்றத்தை அளக்கும்போது அவர் தராசு துல்லியமாக இருக்கிறது. அடுத்த வரி, "நீயே அந்த மனுஷன்." பிறகு தாவீது என்ன பதில் சொன்னார்? நாத்தானின் வயசைக் கேட்கவில்லை. உனக்கு யார் சொன்னது என்று விசாரிக்கவில்லை. "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." ராஜாவின் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். நான் பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த நியாயங்களை எண்ணினால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும்.

அன்றைக்குச் சாயங்காலமே என் மாணவி வீட்டுக்கு நடந்தே போனேன். ஊசிக்கோபுரக் கோயில் மணி ஆறு அடித்தது. அவள் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையும் அவள் சொன்னதையும் எழுத மாட்டேன், அது எங்கள் இருவருக்குள். அந்த முறுக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் டப்பாவாகக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

பெண் வீட்டுக்குப் போவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் தடவை கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டுவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, அந்தக் கதவைச் சாத்தினது நான்தான். மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். அவர்கள் வேறிடத்தில் பேசி முடித்திருந்தார்கள். அதை என்னால் திருப்ப முடியாது. அக்டோபரில் இரண்டாம் தடவை போனபோது உள்ளே உட்காரச் சொன்னார்கள். அந்தப் பெண்ணும் இருந்தாள். "இனி யாரு கேட்டாலும் தெரிஞ்சத முழுசா சொல்லுங்க டீச்சர், பாதியில நிறுத்தாதீங்க" என்றாள். அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன். ஆளைக் கண்டுகொள்ளக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பெயர்ப்பட்டியல்களைத் தாண்டாமல் வாசித்ததில் ஒன்று கிடைத்தது. அக்டோபர் முதல் தேதி 1 நாளாகமம் 3. தாவீதின் பிள்ளைகள் வரிசை. ஐந்தாம் வசனத்தில், எருசலேமில் பத்சேபாளிடத்தில் பிறந்த நாலு பிள்ளைகளில் ஒருவன் பெயர் நாத்தான். சாலொமோனின் கூடப்பிறந்தவன். தீர்க்கதரிசியின் நினைவாகத்தான் அந்தப் பெயர் வைத்தார்களா என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் தன்னைக் கடிந்துகொண்டவரின் பெயரை, எந்தப் பாவத்துக்காகக் கடிந்துகொள்ளப்பட்டாரோ அந்தப் பெண்ணிடத்தில் பிறந்த பிள்ளைக்கு வைத்து, தினமும் வீட்டில் கூப்பிட்டிருக்கிறார் தாவீது. லூக்கா 3இல் இயேசுவின் வம்சவரலாறும் இந்த நாத்தான் வழியாகத்தான் போகிறது. பொடி எழுத்தில் நாற்பது வருஷம் வைத்திருந்தும் இந்த வசனத்தை நான் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழ் வாத்தியார் எழுதினதாக ஆகாது. பழைய திருப்புதல் 1871இல் ஹென்றி பவர் குழுவினர் முடித்த மொழிபெயர்ப்பின் வழியில் வருவது. இன்றைய பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். "சிட்சை" என்றால் என்ன என்று பேரன் கேட்கிறான், கண்டித்துத் திருத்துவது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் சங்கீதம் 141இல் ஐந்தாம் வசனத்தைப் பாருங்கள்: "நீதிமான் என்னைத் தயவாய்க் குட்டி, என்னைக் கடிந்துகொள்ளட்டும், அது என் தலைக்கு எண்ணெயைப்போலிருக்கும், என் தலை அதை அல்லத்தட்டுவதில்லை." குட்டுதல்! அடித்தல் என்று போட்டிருந்தால் முதுகிலும் விழலாம், கன்னத்திலும் விழலாம். குட்டு தலையில்தான் விழும். அதனால்தான் அடுத்த வரியில் தலைக்கு எண்ணெய் வந்து பொருந்துகிறது. குட்டுப்பட்ட இடத்தில் உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்த அம்மா கை ஞாபகம் வராத தமிழர் யார்? மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள். என் மாணவியின் கையில் ஒரு கல்யாண மோதிரத்தைத் தவிர ஒன்றுமில்லை. "அல்லத்தட்டுதல்" என்ற சொல்லும் இன்று யார் பேச்சிலும் இல்லை, எங்கள் சபை ஊழியரான உபதேசியாரின் ஜெபத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வேண்டாம் என்று தட்டிக் கழிப்பது. நான் அன்றைக்குத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேனே, அதற்கு இதைவிடச் சரியான சொல் தமிழில் கிடையாது.

அந்த வசனத்தில் "தயவாய்" என்று ஒரு சொல் இருப்பதையும் மறக்கக் கூடாது. நான் வகுப்பில் எத்தனையோ தலைகளில் குட்டியிருக்கிறேன், எல்லாம் தயவாய் என்று சொல்ல மாட்டேன். சபைகளிலும் பார்த்திருக்கிறேன். ஏழை வீட்டுப் பெண் தவறினால் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்துவார்கள், நன்கொடை எழுதுகிறவர் தவறினால் காபி கொடுத்து அனுப்புவார்கள். மத்தேயு 18இல் ஆண்டவர் ஒரு வரிசை வைத்திருக்கிறார். முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் உணர்த்து, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொள், அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. நம்மிடம் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. சபை முழுக்கத் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போகும். என் மாணவி வரிசை மாறாமல் வந்தாள். அவள் அப்படி வந்திருக்காவிட்டால், வேறு யார் வாயிலாவது கேட்டிருந்தால், நான் இன்றைக்கும் அந்த "ஆனா"வை நியாயப்படுத்திக்கொண்டுதான் இருப்பேன்.

கலாத்தியர் 6 முதல் வசனம், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்கிறது. முன்னால் சொன்னேனே, பத்தி ஓரத்தில் முறிந்து கிடக்கும் அந்தச் சொல்தான். நவம்பரில் அது வந்தபோது எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். மாற்கு முதல் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் படவிலே வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று வருகிறதே, கிரேக்கத்தில் அதே வினைச்சொல்தான் என்றார். கடற்கரை ஊரில் வலை பழுதுபார்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழிந்த இடத்தைத் தேட முழு வலையையும் மடியில் போட்டு விரலால் தடவிக்கொண்டே போவார்கள். கிழிசல் கிடைத்ததும் அந்தக் கண்ணை மட்டும் கட்டுவார்கள். வலையைத் திட்டிக்கொண்டு கட்டுகிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஜனவரி மாதம் வாசிப்பு என்னை நன்றாகவே குட்டியது. முதல் தேதி ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை ஏசாயா 60:1, "எழும்பிப் பிரகாசி." அன்றைக்கே வரிசைப்படி வந்தது சங்கீதம் 138 முதல் 140 வரை. 139இன் கடைசியில் "தேவனே, என்னை ஆராய்ந்து" என்ற ஜெபம் இருக்கிறது. இத்தனை வருஷம் பாட்டாக ராகம் போட்டுச் சொன்ன அந்த வரியை இந்தத் தடவை கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன். மறுநாள்தான் 141, அந்தக் குட்டு. 11ஆம் தேதி எபிரெயர் 12, எந்தச் சிட்சையும் தற்காலத்தில் துக்கமாய்க் காணும் என்பது. 13ஆம் தேதி நீதிமொழிகள் 26. கோள்காரனுடைய வார்த்தைகள் விளையாட்டைப்போலிருக்கும், ஆனாலும் உள்ளத்துக்குள் தைக்கும் என்கிறது. அந்த "ஆனாலும்" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 15ஆம் தேதி யாக்கோபு 3, "நாவும் நெருப்புத்தான்." நான் தேடிப்போய் எடுத்திருந்தால் இந்த ஐந்தில் ஒன்றையும் எடுத்திருக்க மாட்டேன். இவற்றின் கீழெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மற்றவர்களின் நோட்டுக்கு வாங்கிய பென்சில் இரண்டு மிச்சமிருந்தது, அதில் ஒன்று.

யாருக்கு இந்தப் பதிப்பு? கண் மங்கிவரும் எல்லோருக்கும் என்று சொல்வேன். ஐம்பதைத் தாண்டின அம்மாவுக்கு, மாமியாருக்கு யாராவது கிறிஸ்மஸ் பரிசாகச் சேலை வாங்க நினைத்தால் அதற்குப் பதில் இதை வாங்கிக் கொடுங்கள். கடையில் வாங்கும்போது சங்கீதம் 23ஐத் திறந்து சோதிக்காதீர்கள், அது கண்ணை மூடினாலும் தெரியும். ஆமோஸையோ மீகாவையோ திறந்து, மடி தூரத்தில் வைத்து, நாலு வசனம் உரக்க வாசித்துப் பாருங்கள். தட்டாமல் வந்தால் வாங்கலாம். ஜிப்பைக் கடையிலேயே பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். நாடா ஒன்றுதான் என்பதால் புதிய ஏற்பாட்டுக்கு நான் ஒரு பழைய ரிப்பனை வைத்திருக்கிறேன்.

நேற்று, பிப்ரவரி 10, ஏசாயா 57, 58, 59. ஐம்பத்தொன்பதில், உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது என்றும், உங்கள் நாவு நியாயக்கேட்டை வசனிக்கிறது என்றும் இருக்கிறது. சிவப்புக் கோடு போட்டுவிட்டு நாடாவை வைத்து மூடினேன். இன்று காலை திறந்தபோது அடுத்த பத்தியில் பெரிய எழுத்தில் 60 என்று அதிகார எண், அதன் கீழே "எழும்பிப் பிரகாசி, உன் ஒளி வந்தது." கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்த அட்டையை எடுத்துவந்து அந்தப் பக்கத்தில் வைத்தேன்.